கண்ணில் மை தீட்டிய ஔவை

பெண்பிள்ளை ஒருத்தி கவிதை எழுதிவிட்டால் எங்கள் பக்கத்தில் “நல்லா எழுதியிருக்காளா?” என்று யாரும் கேட்பதில்லை. “யாரு அவன்?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர் அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், தமிழை முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவராகவும் இருக்கலாம். கேள்வி மட்டும் மாறாது.

பாப்பிரெட்டிப்பட்டியில் என்னிடம் மாலை நேரத்தில் டியூஷன் வரும் பிள்ளைகளில் ஒருத்தி, பிளஸ் டூ படிப்பவள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவாள். அதில் ஒரு கவிதை ஒரு லாரி டிரைவர் பேசுவதுபோல் அமைந்தது. மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு, மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் பக்கம் சேகோ ஆலைக்குப் போகிறான். ராத்திரி. சாலையோரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் ஒருநாள் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள் தூக்கம் கலையக் கூடாது என்று, அந்த வளைவில் அடிக்க வேண்டிய ஹாரனை அடிக்காமலே போகிறான். வளைவு தாண்டும்வரை அவனுக்கு நெஞ்சு படபடக்கிறது. கவிதை அங்கே முடிகிறது. பதினேழு வயதுப் பெண், ஒரு முரட்டு ஆளின் உள்ளே போய், அவனுக்கே தெரியாத ஒரு மென்மையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது.

வீட்டில் நோட்டு சிக்கியது. “எந்த லாரி? நம்பர் என்ன?” என்று அண்ணன் கேட்டிருக்கிறான். செல்போனைப் பிடுங்கி யார் யார் கூப்பிட்டார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். அம்மா என்னிடம் வந்து, “நீங்க குடுத்த புஸ்தகத்தப் படிச்சுத்தான் மிஸ் இவ இப்பிடி ஆயிட்டா” என்று கண் கலங்கினார். அவள் மட்டும் அழவில்லை. “அவன் யாருமே இல்ல மிஸ். அந்த டிரைவரே நான்தான்” என்றாள்.

அவள் சொன்னதன் பொருளை அவள் வீட்டாருக்கு விளக்க எனக்கு அன்று நேரம் போதவில்லை. இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். இதை விளக்க வெளிநாட்டுக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. எங்கள் மாவட்டத்து ஔவையே போதும்.

பொம்மிடி வழியாகவோ கடத்தூர் வழியாகவோ பஸ் ஏறினால் தருமபுரி. சங்கப் பாடல்கள் தகடூர் என்று சொல்லும் ஊர் அதுதான். அதற்குத் தெற்கே அதியமான்கோட்டை. அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைக் கேட்காமல் இந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளையும் வளர முடியாது. பள்ளி ஆண்டு விழாவில் தவறாமல் அது நாடகமாக வரும். ஔவையாக நிற்கும் சிறுமியைக் கவனித்துப் பாருங்கள். தலைமுடியில் டால்கம் பவுடர், நெற்றியில் திருநீற்றுப் பட்டை, கையில் கோல், முதுகை வளைத்துத் தாங்கித் தாங்கி ஒரு நடை. எட்டு வயதுப் பிள்ளையை எண்பது வயதாக்கி மேடை ஏற்றுகிறோம்.

சங்க இலக்கியத்தில் ஔவையின் பெயரில் இருப்பவை 59 பாடல்கள். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. புறநானூற்றின் 91ஆம் பாட்டுதான் நெல்லிக்கனிப் பாட்டு. கனியின் அருமையைச் சொல்லாமல் உனக்குள் அடக்கிக்கொண்டு, நான் சாகாமல் இருக்கட்டும் என்று எனக்குக் கொடுத்துவிட்டாயே என்று அதியமானை வாழ்த்துகிறார். அதில் நரையும் இல்லை, கோலும் இல்லை.

புறநானூறு 89க்கு வாருங்கள். எதிரி நாட்டு அரசன் ஒருவன் ஒரு விறலியைப் பார்த்து, உங்கள் நாட்டில் போரிடுவார் யாரும் உண்டா என்று கேட்கிறான். அவளை அவன் எப்படி விளிக்கிறான் தெரியுமா? அணிகலன் மின்னும் இடையும், மை தீட்டிய கண்ணும், ஒளிரும் நெற்றியும் உடையவளாக. அந்த விறலி அசரவில்லை. அடிக்கும் கோலுக்கு அஞ்சாமல் சீறும் பாம்பைப்போன்ற இளைஞர்கள் உண்டு, மன்றத்தில் தொங்கும் முழவில் காற்று மோதி ஒலி எழுந்தாலே போர் வந்துவிட்டது என்று மகிழும் தலைவனும் உண்டு என்று பதில் சொல்கிறாள். இந்த விறலி ஔவையேதானா, அவர் படைத்த பாத்திரமா என்பது வாதத்துக்கு உரியது. எதுவாக இருந்தாலும் சரி. அதியமானின் பெருமையை எதிரியின் முகத்துக்கு நேரே சொல்ல ஔவை தேர்ந்தெடுத்த உருவம் கண்ணில் மை தீட்டிய இளம்பெண்ணுடையது.

இன்னும் கேளுங்கள். தொண்டைமான் என்ற அரசனிடம் அதியமானுக்காகத் தூது போனவர் அவர். அங்கே ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினார்கள். உங்கள் வேல்களெல்லாம் மாலை சூடி, நெய் பூசி, பீலி அணிந்து அழகாக இருக்கின்றன, எங்கள் ஆள் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் குத்திவிட்டு வந்தார். 95ஆம் பாட்டு. பரிசில் தாமதமானபோது, 206இல், வாயில் காவலனைக் கூப்பிட்டு, உன் தலைவனுக்குத் தன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது, எங்களுக்கு எந்தத் திசை போனாலும் சோறு உண்டு என்று சொல்லிவிட்டு யாழையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அதியமான் இறந்தபின் பாடிய 235இல், கொஞ்சம் கள் இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று நினைத்து உருகுகிறார். அரசனோடு சமமாக உட்கார்ந்து குடித்த, கோபித்த, கேலி பேசிய பெண். எந்த ஆண் புலவருக்கும் குறையாத சுதந்திரம்.

அவரை யார் கிழவியாக்கினார்கள்?

ஔவை என்ற பெயரில் பல காலங்களில் பலர் இருந்திருக்கிறார்கள் என்பது அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் சங்க ஔவை பாடியவை அல்ல. பல நூற்றாண்டு பிந்தியவை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது அந்த நீதிநூல் ஔவையை. சங்கப் பாடல்களோ ஏட்டில் கிடந்தன. உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டது 1894இல். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல்தான் பதிப்பித்தார். அதற்குள் மக்கள் மனத்தில் நீதி சொல்லும் பாட்டி நிலைத்து உட்கார்ந்துவிட்டார். ஏன் பாட்டி என்பதற்கும் ஒரு கதை உண்டு. கல்யாணம் நிச்சயமானபோது, எனக்கு இந்த இளமையும் அழகும் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டி, நொடியில் கிழவியாக மாறினாராம். 1953இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்த உருவத்துக்குத் தம் குரலைக் கொடுத்தார். அந்தக் குரலுக்கு நானும் அடிமைதான். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வைத்த ஔவை சிலையும் முதியவளே.

அந்தப் பிள்ளையார் கதையை நான் நெடுநாள் பக்தியோடு கேட்டவள். இப்போது கேட்டால் மனம் வலிக்கிறது. ஒரு பெண் தனியாக ஊர் ஊராகப் போக வேண்டும், அரசனிடம் நேராகப் பேச வேண்டும், நினைத்ததைப் பாட வேண்டும் என்றால் அவள் இளமையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அப்படித்தான் நம் சமூகம் விலை வைத்தது. காரைக்கால் அம்மையார் பேயுருவம் வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். ஆண்டாள் அரங்கனோடு கலந்து மறைந்தாள் என்கிறது குருபரம்பரை. இவர்களின் பாட்டு ஒவ்வொன்றும் மலைபோல் நிற்கிறது. அதில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. ஆனால் இவர்களைப் பற்றி ஊர் சொல்லிக்கொண்ட கதைகளில் பாடும் பெண்ணுக்கு மனித உடம்பு மிஞ்சவில்லை. ஒருத்தி கிழவி, ஒருத்தி பேய், ஒருத்தி தெய்வத்தின் மனைவி. நம்மோடு தெருவில் நடந்துபோகும், மை தீட்டிக்கொண்ட, பாடவும் தெரிந்த பெண்ணுக்கு இடம் வைக்கவில்லை.

உடம்பைப் பற்றி இவ்வளவு சொன்னேன். அதைவிட முக்கியமாக நான் சொல்ல வந்தது கற்பனையைப் பற்றி.

குறுந்தொகையைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் கீழும் இரண்டு செய்திகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று, இது யார் பேசுவது என்ற குறிப்பு: தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று, பரத்தை கூற்று. இன்னொன்று, பாடியவர் பெயர். பேசுபவர் வேறு, எழுதியவர் வேறு. இந்த இரண்டையும் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். கூற்றுக் குறிப்புகள் தொகுத்தவர்களும் பின்னால் வந்தவர்களும் சேர்த்தவை என்பார்கள். இருக்கட்டும். அப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. அகப்பாட்டில் தனி ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியமும் விதி வைத்தது. இந்த விதியை நான் ஒரு கட்டுப்பாடாகப் பார்க்கவில்லை. பெண் புலவருக்கு அது பெரிய பாதுகாப்பு. காமத்தைப் பாடலாம், கோபத்தைப் பாடலாம், “யாரு அவன்?” என்று எவரும் கேட்க முடியாது.

அந்தப் பாதுகாப்புக்குள் ஔவை என்ன செய்தார் என்று பாருங்கள்.

குறுந்தொகை 28இல் தலைவியாகப் பேசுகிறார். இரவில் ஊர் முழுக்கத் தூங்குகிறது. இவள் ஒருத்திக்குத் தூக்கமில்லை. தன் நோயை அறியாமல் உறங்கும் இந்த ஊரை முட்டவா, அடிக்கவா, ஏதாவது சாக்கு வைத்துக் கூவவா என்று குமுறுகிறாள். இந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரிந்தது. பெண்ணின் வேட்கை என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுப்பார்கள். அடுத்த பாட்டுக்கு, அதாவது 29க்கு, போகமாட்டார்கள்.

29உம் ஔவை பாடியதுதான். பேசுபவன் ஆண். இரவில் அவளைப் பார்க்க வந்தான். இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள். அவன் தன் நெஞ்சிடம் பேசுகிறான். சுடாத பச்சை மண்கலத்தில் மழைநீரை ஊற்றினால் தாங்குமா? கிடைக்காததை ஆசைப்பட்டு நீயும் அப்படி நிரம்பி உடையப் பார்க்கிறாய் என்கிறான். கடைசியில், உயர்ந்த கொம்பில் குட்டியை மார்போடு அணைத்திருக்கும் மந்தியைப்போல உன்னை அணைத்து உன் குறையைக் கேட்பவர் இருந்தால் நீ வருந்துவதிலும் பொருள் உண்டு என்று முடிக்கிறான். காதல் மறுக்கப்பட்ட ஓர் ஆண், தாய்க்குரங்கின் மார்பில் ஒட்டிக்கொள்ளும் குட்டியாகத் தன்னை நினைத்துப் பார்க்கிறான். இதை ஒரு பெண் எழுதியிருக்கிறார். ஆணின் வீம்புக்கு அடியில் இருக்கும் குழந்தையை அவர் கண்டுபிடித்திருக்கிறார். எழுதும்போது அவர் அந்த ஆணாகவே ஆகியிருக்கிறார்.

80ஆம் பாட்டில் பேசுபவள் பரத்தை. கூந்தலில் ஆம்பல் சூடிக்கொண்டு புதுவெள்ளத்தில் விளையாடப் போகிறோம், மனைவிக்காரிக்குப் பயமாக இருந்தால், எழினியின் போர்முனையில் பசுக்கூட்டத்தைக் காப்பதுபோல் தன் சுற்றத்தோடு சேர்ந்து கணவன் மார்பைக் காவல் காத்துக்கொள்ளட்டும் என்று சவால் விடுகிறாள். எழினி அதியமான் குடிக்குரிய பெயர். எங்கள் தகடூர்ப் போர்க்களம் ஒரு பரத்தையின் வாய்வீச்சுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது! 364இலும் பரத்தைதான் பேசுகிறாள். துணங்கைக் கூத்து நடக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயும் சண்டைக்கு நிற்கிறாள். ஔவை பரத்தையாக இருந்தாரா என்று எனக்குத் தெரிந்து ஓர் உரையாசிரியரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாததுதான் முறை.

வெள்ளிவீதியார் விஷயத்தில் மட்டும் இந்த முறை கொஞ்சம் நழுவியது. பதின்மூன்று பாடல்கள் பாடியவர். கணவனைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெண் என்று அவரைப் பற்றி ஒரு வரலாறு நிலவுகிறது. அதற்கு ஆதாரம் அகநானூறு 147. அதைப் பாடியவர் ஔவை. வெள்ளிவீதியைப்போல நானும் போய்விடலாமா என்று அதில் ஒரு தலைவி சொல்கிறாள். வெள்ளிவீதியாரோ தம்முடைய 45ஆம் அகப்பாட்டில், காதலனை இழந்த ஆதிமந்தியைப்போல அலைவேனோ என்று பாடியிருக்கிறார். ஆதிமந்தியின் பெயரில் குறுந்தொகையில் 31ஆம் பாட்டு இருக்கிறது. ஒருத்தி ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூன்று பெண்கள் கைகோத்து நிற்கிறார்கள். எனக்கு இது தமிழ்க் கவிதையில் மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. ஆனால் வெள்ளிவீதியாரைப் படிப்பவர்கள் அந்த அலைந்த மனைவியை மட்டுமே பிடித்துக்கொண்டார்கள். கன்றும் குடிக்காமல், கலத்திலும் சேராமல், மண்ணில் சிந்திய பாலாக என் அழகு வீணாகிறது என்று தலைவி சொல்லும் குறுந்தொகை 27ஆம் பாட்டைப் படித்துவிட்டு, பாவம் அவர் வாழ்க்கை அப்படி என்று உச்சுக்கொட்டுகிறார்கள். 58ஆம் பாட்டை என்ன செய்வார்கள்? கையில்லாத ஊமை ஒருவன், வெயிலில் காயும் பாறைமேல் வைத்த வெண்ணெய் உருகுவதைக் கண்ணால் மட்டுமே காத்துக்கொண்டிருக்கிறான். தன் காமநோயை இப்படிச் சொல்லித் தோழனிடம் புலம்புபவன் ஓர் ஆண். பாடியவர் அதே வெள்ளிவீதியார். ஆணின் தவிப்பைச் சொல்ல இதைவிடக் கூர்மையான பாட்டு நான் படித்ததில்லை. இது யாருடைய வாழ்க்கை வரலாறு?

நக்கண்ணையாரையும் சொல்லியாக வேண்டும். போர்வைக்கோப் பெருநற்கிள்ளிமேல் தமக்கிருந்த காதலைத் தம் குரலிலேயே பாடினார் என்கின்றன பாட்டின் குறிப்புகள். அவை அகத்தில் சேராமல் புறநானூற்றில் 83, 84, 85 என்று நிற்கின்றன. தன் பெயரில், தன் ஆசையைச் சொல்லவும் ஒருத்திக்கு வழி இருந்தது. வேறொருவராக மாறிப் பாடவும் வழி இருந்தது. இரண்டு கதவும் திறந்திருந்தன.

பிற்காலத்தில் இரண்டையும் சாத்தினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி, ‘ராதிகா சாந்துவனமு’ என்று தெலுங்கில் ஒரு காவியம் எழுதினார். ராதையே தான் வளர்த்த பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டுப் பொறாமையில் வெந்துபோகும் கதை. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதை முழுமையாகப் பதிப்பித்தார். தெலுங்கின் பெரிய சீர்திருத்தவாதியான வீரேசலிங்கமே அதை ஆபாசம் என்று ஒதுக்கியிருந்தார். ஆண்கள் எழுதிய சிருங்காரம் மட்டும் எப்படித் தூய்மையானது என்று நாகரத்தினம்மாள் நேராகக் கேட்டார். 1911இல் ஆங்கில அரசு புத்தகத்துக்குத் தடை போட்டது. நாடு விடுதலை பெறும் காலத்தில்தான் அரசியல் தலைவர் பிரகாசத்தின் முயற்சியால் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராசருக்குக் கோயில் கட்டிய அதே நாகரத்தினம்மாள்தான் இவர். இந்தப் பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். துவரங்குறிச்சியில் சல்மா பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். கல்யாணத்துக்குப் பின் இரவில் கழிவறைக்குள் ஒளிந்து எழுதினார். அம்மா வழியாகக் கவிதைகள் வெளியே போயின. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தது. அடுத்த ஓராண்டில் அவர், சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி நான்கு பேரையும் மேடையிலும் பத்திரிகையிலும் எப்படியெல்லாம் பேசினார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். நூற்றுக்கணக்கான சினிமாப் பாட்டுகளில் பெண் உடம்பை அங்கம் அங்கமாகப் பாடிய துறையிலிருந்தே கண்டனமும் வந்தது. சுகிர்தராணியின் கவிதைகளைத் தில்லிப் பல்கலைக்கழகம் 2021இல் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. பாமாவின் எழுத்தும் அதோடு போனது.

இவர்களை ஆதரித்தவர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. “இது அவர்களின் சொந்த வலி, சொந்த அனுபவம், ஆகவே எழுத உரிமை உண்டு” என்று வாதாடினார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அதுவும் அதே கேள்விக்கு வேறு விதமாகச் சொன்ன பதில். பெண் எழுதினால் அது அவளுடைய வாழ்க்கைக் குறிப்பாகத்தான் இருக்க முடியும் என்று எதிர்த்தவர்களைப்போலவே ஆதரித்தவர்களும் முடிவுகட்டிவிட்டார்கள். சுகிர்தராணியின் கவிதையில் இரவு மிருகமாகிறது, நிலம் உடம்பாகிறது. மாலதி மைத்ரியிடம் ஆறும் பெண்ணும் இடம் மாறிக்கொள்கிறார்கள். இதெல்லாம் அனுபவக் குறிப்பு அல்ல. உழைத்துச் செய்த கற்பனை. ஓர் ஆண் கவிஞர் இதைச் செய்தால் படிமம், மாயம் என்று கட்டுரை எழுதுவோம். பெண் செய்தால் துணிச்சல் என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். துணிச்சலைப் பாராட்டினால் போதும், கவிதையைப் படிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் இதை யோசிக்கும்போது வாச்சாத்தியை நினைக்காமல் இருக்க முடியாது. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் உள்ளே புகுந்து செய்த கொடுமைகளில், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிச் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் தங்களுக்கு நடந்ததாக இருந்தே ஆக வேண்டும். எங்கே, எப்போது, யார் என்று கேட்பது நீதிமன்றத்தின் கடமை. அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் தளராமல் பதில் சொன்னதால்தான் நீதி கிடைத்தது. அதற்கு முன்னால் நான் கைகூப்பி நிற்கிறேன்.

கவிதை எழுதும் பெண் கூண்டில் ஏறவில்லை. அவளிடம் எங்கே, எப்போது, யார் என்று கேட்கிற நாம்தான் அவளைக் கூண்டில் ஏற்றுகிறோம். பெண் வாய் திறந்தால் ஒன்று சாட்சி, இல்லாவிட்டால் ஒப்புதல் வாக்குமூலம் என்று பழகிவிட்ட ஊரில், அவள் தனக்கு நடக்காத ஒன்றை, தான் அல்லாத ஒருவரை எழுத ஓர் இடம் வேண்டும். அந்த இடம் கவிதை.

படிக்காத பெண்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் ஆயா மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் கூலிக்குப் போனவர். இழவு வீட்டில் ஒப்பாரி சொல்ல அவரைத் தேடி வருவார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்புவார். செத்தவர் ஆயாவுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. வட்டமாக உட்கார்ந்த பெண்களின் தோளில் கை போட்டதும் ஆரம்பிப்பார். முதலில் செத்தவரின் மகளாக, சீர் கொண்டுவர இனி யார் இருக்கிறார் என்று. பிறகு மனைவியாக. கொஞ்ச நேரத்தில் செத்தவரே பேசுவார், தான் நட்ட தென்னையைப் பற்றி, முடிக்காமல் போன கிணற்றைப் பற்றி. நடுவில் சொத்துக்குச் சண்டை போட்ட பங்காளிக்கும் ஒரு குத்து விழும். குத்து வாங்கியவர் தலையைக் குனிந்துகொள்வாரே தவிர வாய் திறக்க மாட்டார். ஆயா எழுந்து முகம் கழுவி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார். “உனக்கு எப்படி அந்த ஆளைப் பற்றி இவ்வளவு தெரியும்?” என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேராக வாழ்ந்து பாடிய கலைஞரை நாங்கள் பெரிய ஒப்பாரிக்காரி என்று மட்டும் சொன்னோம். அவருக்கு அந்த உரிமை கிடைத்தது பிணத்தின் பக்கத்தில் மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே குரலில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓர் ஆணின் ஆசையைப் பாடியிருந்தால் தெரு சும்மா விட்டிருக்காது.

ஈழத்தில் மகாகவி உருத்திரமூர்த்தியின் மகளுக்கு ஔவை என்று பெயர். அவரும் கவிஞர். போர்க்காலத்தில் எழுதியவர். அந்தப் பெயரை ஒரு குழந்தைக்கு வைக்க முடியும், அந்தக் குழந்தை வளர்ந்து தன் காலத்தைப் பாட முடியும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் மாவட்டத்தில் அதியமான் பெயரில் பையன்கள் நிறைய உண்டு. ஔவை என்று பெயர் வைத்த பெண்குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. கிழவி பெயரை யார் வைப்பார்கள் என்று நினைக்கிறார்கள்போல.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நெல்லிக்கனி நாடகம் போடும்போது அந்தச் சிறுமியின் தலையில் பவுடர் கொட்டாதீர்கள். அவள் வயதிலேயே, அவள் நிமிர்வோடு நிற்கட்டும். தொண்டைமானின் ஆயுதசாலைக் காட்சியையும் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள்.

வீட்டில் எழுதும் பெண் இருக்கிற அப்பா அம்மாக்களுக்கும் ஒன்று. நோட்டு கையில் கிடைத்தால், திருப்பிக் கொடுக்கும்போது “இதுல யாரு பேசறாங்க?” என்று கேளுங்கள். அவள் சொல்வாள். அது நீங்களாகக்கூட இருக்கலாம்.

குறுந்தொகை 29, 58, 80 மூன்றையும் இந்த வாரம் படித்துப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. உ.வே.சா. 1937இல் உரையோடு வெளியிட்ட பதிப்பு நல்ல நூலகங்களில் கிடைக்கும். படித்ததும் உங்கள் வீட்டுப் பெண்களோடு பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.